மாடிஃபிகேஷனுக்குப் பிறகு மைலேஜ் விழுந்துவிட்டதா? எங்கிருந்து தேடத் தொடங்குவது

அலாய் வீல், அகலமான டயர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், கோன் ஃபில்டர் எல்லாம் மாட்டிய கையோடு, லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 12க்கு இறங்கிவிட்டால் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். இன்ஜெக்டர் கிளீனர் பாட்டிலை டேங்க்கில் ஊற்றுவார்கள், அல்லது பங்க்காரரைத் திட்டுவார்கள். இரண்டையும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

இந்த வேலையில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். மாட்டிய பொருளே லிட்டருக்கு நாலு கிலோமீட்டரைத் தின்பது அபூர்வம். அதை மாட்டுவதற்காகக் கழற்றியது, தளர்த்தியது, திரும்பப் போட மறந்தது, இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி. மாற்றாமல் விட்ட ஒரு கேஸ்கெட்டாக இருக்கலாம், இறுக்காத ஓஸ் கிளிப்பாக இருக்கலாம், 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்தாத வயர் கப்ளராக இருக்கலாம். அதனால் புதுப் பொருளைச் சந்தேகிப்பதோடு நிற்காமல், அதைச் சுற்றி ஒரு அடி தூரத்துக்கு என்னவெல்லாம் இருக்கிறதோ அத்தனையையும் சந்தேகியுங்கள். கீழே சொல்வது பெட்ரோல் கார்களுக்கு. டீசலுக்குத் தனியாக ஒரு பத்தி பின்னால் வருகிறது.

முதலில் கணக்கு சரியா என்று பாருங்கள்

மீட்டர் கன்சோலில் காட்டும் மைலேஜை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், போடும் கணக்கு அது. ரீமேப் (ஈசியூவின் மென்பொருளை மாற்றுவது) செய்திருந்தாலோ இன்ஜெக்டரை மாற்றியிருந்தாலோ அந்தக் கணக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும்.

டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பிப் பார்ப்பதுதான் ஒரே வழி. ஒரே பங்க், முடிந்தால் ஒரே நாசில், வண்டி ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும், நாசில் தானாக நிற்கும் முதல் 'ஆட்டோ கட்'டோடு நிறுத்திவிட வேண்டும். "ரவுண்டா போட்டுடவா சார்?" என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ரவுண்டு ஒரு லிட்டர் வரை இழுக்கும், உங்கள் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். குறைந்தது 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். பங்க் மேலேயே சந்தேகம் என்றால், எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலன் ஒவ்வொரு பங்கிலும் இருக்கும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

டயர் சைஸ் மாறியிருந்தால் கிலோமீட்டர் எண்ணே தப்பு. ஸ்விஃப்டில் வரும் 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ. அதே ரிம்மில் 205/65 ஆர்15 போட்டால் விட்டம் 647 மி.மீ.க்கு மேல் போய்விடும், கிட்டத்தட்ட 4 சதவீதம் அதிகம். சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், ஆனால் ஓடோமீட்டர் பழைய டயர் என்று நினைத்துத்தான் எண்ணும். வண்டி 500 கி.மீ. ஓடியிருக்கும்போது அது 480 என்று காட்டும். 35 லிட்டர் குடித்திருந்தால் உங்கள் கணக்கில் 13.7, உண்மையில் 14.3. காணாமல்போன அரை கிலோமீட்டர் உங்கள் மீட்டரிலேயே இருக்கிறது! மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஒரு காலை நேரம் போய், போன் ஜிபிஎஸ்ஸில் 20 கி.மீ. ஓட்டி, ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று ஒப்பிட்டால் திருத்த வேண்டிய விகிதம் கையில் கிடைத்துவிடும்.

அடுத்து பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. இ10க்கு வடிவமைத்து இ20க்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசே சொன்னது. பழைய பிஎஸ்4 வண்டியின் 2021ஆம் ஆண்டு மைலேஜை இன்றைய மைலேஜோடு ஒப்பிட்டு, நடுவில் போட்ட சைலன்சர் மேல் மொத்தப் பழியையும் போடுவது நியாயமில்லை.

அப்புறம் நம் வட சென்னை ரோடு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வாரமும், மூலக்கடை, பெரம்பூர் பக்கம் மெட்ரோ வேலைக்காகச் சுற்றிவிட்ட வாரமும் ஒன்றாக இருக்காது. சின்ன பெட்ரோல் இன்ஜின் சும்மா நின்றாலே மணிக்கு முக்கால் லிட்டர் அளவில் குடிக்கும், ஏசி ஓடினால் அதற்கும் மேல். தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்குத் தினம் போய் வருபவருக்கு இதுவே பெரிய தொகை. ஆகவே சோதனைக்கென்று ஒரு பாதையை வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கடையில் ஏறி மாதவரம், புழல், செங்குன்றம் தாண்டி காரனோடை வரை விடியற்காலையில் போய் வந்து அந்த 300 கிலோமீட்டரைச் சேருங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே பாதை, அதே நேரம்.

திருத்திய கணக்கிலும் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தால், வண்டியில் நிஜமாகவே ஏதோ இருக்கிறது.

ஸ்கேனரைச் செருகுங்கள்

இஎல்எம்327 வகை ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி போனில் ஒரு ஆப் போட்டால் போதும். எரர் கோட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கழற்றிவிடாதீர்கள். கோட் எதுவும் இல்லாமலேயே வண்டி 15 சதவீதம் அதிகம் குடிக்க முடியும், ஈசியூ அதைச் சத்தமில்லாமல் சமாளித்துக்கொண்டிருக்கும். அந்தச் சமாளிப்பு தெரிகிற இடம் ஃப்யூயல் ட்ரிம்.

ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு எண் வரும். இரண்டையும் கூட்டுங்கள். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, தன்னிடம் உள்ள அட்டவணையைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலை ஈசியூ கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் அது. பிளஸ் மைனஸ் 5க்குள் இருந்தால் நிம்மதி, 10ஐத் தாண்டினால் தேட வேண்டும். இ10லிருந்து இ20க்கு மாறியதாலேயே நாலு சதவீதம் போல பிளஸ் பக்கம் நகரும், அது கோளாறு இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது) ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒரு முறை, இரண்டையும் எழுதிவையுங்கள்.

இந்த எண்ணை வைத்து வழி பிரிகிறது. ட்ரிம் எகிறியிருந்தால் கோளாறு இன்ஜினுக்குள் போகும் காற்று, பெட்ரோல், அல்லது அதை அளக்கும் சென்சாரில். ட்ரிம் சுத்தமாக இருந்தும் மைலேஜ் இல்லையென்றால் சக்கரம், பிரேக், கிளட்ச், எடை, அல்லது இன்ஜின் வெப்பம். இதைப் பார்க்காமல் நேராக இன்ஜெக்டர் கிளீனிங்குக்குப் பணம் கட்டுபவர்கள்தான் அதிகம்.

ட்ரிம் பிளஸ்ஸில் எகிறினால்

ஐடிலிங்கில் 15, 20 என்று நின்று, 2500இல் இறங்கிவிட்டால், எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. கோன் ஃபில்டர் மாட்டும்போது பழைய ஏர் பாக்ஸில் செருகியிருந்த சின்ன ஓஸ்களை எங்கே விட்டார்கள் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே இழுக்கும் பிசிவி ஓஸ்தான் வழக்கமாக அனாதையாகத் தொங்கும். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் அதற்குப் பின்னால் ஒரு விரிசல் இருந்தாலும் ட்ரிம் ஏறும். காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் ட்ரிம் பெரிதாக மாறாது, பதிலாக ஐடிலிங் ஆர்பிஎம் உயர்ந்து நிற்கும். கார்ப் கிளீனர் அடித்து லீக் பிடிக்கும் பழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் உண்டு. சூடான மேனிஃபோல்ட் பக்கம் அது தீப்பிடிக்கும், ஸ்மோக் டெஸ்ட் வசதி உள்ள இடத்தில் கொடுப்பதே மேல்.

மாறாக, ஐடிலில் சரியாக இருந்து வேகம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால், சென்சார் அழுக்கு அல்லது ஃப்யூயல் பிரஷர் குறைவு. எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் போட்டிருந்தால் கிட்டத்தட்ட பதில் கிடைத்த மாதிரி. கழுவிவிட்டு எண்ணெயைத் தாராளமாக அடித்தால் அது பறந்து போய் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் ஒட்டும். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடித்து, தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் கம்பி போய்விடும்.

கோன் ஃபில்டரைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பானெட்டுக்குள் ரேடியேட்டர் சூட்டிலேயே அது மூச்சு விடுகிறது, எண்ணூர், மணலி பக்கம் நிலக்கரித் தூளும் லாரிப் புழுதியும் வேறு. ஸ்டாண்டர்டு பேப்பர் ஃபில்டரே அங்கே கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பாகக் கறுத்துவிடுகிறது. சத்தம் பிடித்துப் போட்டேன் என்றால் சரி, பவர் வரும் என்று போடாதீர்கள்.

சைலன்சர் வேலையில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஃப்ரீ ஃப்ளோ போடும் இடத்தில் குழாய் ஜாயின்டில் வரும் வளையமான பழைய டோனட் கேஸ்கெட்டையே திரும்ப வைத்து போல்ட்டை முறுக்கிவிடுவார்கள். முன்பக்க ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் அந்த ஜாயின்ட் லேசாக ஒழுகினால், புகை வெளியே வருவதோடு, ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே வெளிக்காற்று உள்ளேயும் இழுபடும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து "பெட்ரோல் பத்தவில்லை" என்று சொல்லும், ஈசியூ நம்பிக்கொண்டு பெட்ரோலைக் கொட்டும். வண்டியில் பவர் குறையாது, ஜெர்க் இருக்காது, பர்ஸில் மட்டும் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கக் காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, உடனே ஒருவர் தடித்த ஈரத்துணியால் டெயில் பைப்பை ஓரிரு நொடி அடைத்துப் பிடிக்க, இன்னொருவர் முன்னால் குனிந்து கேட்க வேண்டும். 'உஸ்' என்று வருகிற இடம்தான் லீக். ஜாயின்டைச் சுற்றிக் கரிக்கோடு விழுந்திருந்தாலும் அதுவே சாட்சி. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டிருந்தால் பின் சென்சாருக்கு வேலை கெட்டு பி0420 கோட் வரும், புகைச் சான்றிதழும் தொல்லையாகும். திருவொற்றியூர், காசிமேடு என்று கடலோரம் வண்டி நிற்கிறதென்றால், கழற்றி மாட்டிய ஒவ்வொரு கப்ளரையும் திறந்து உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உப்புக்காற்றுக்கு, ரப்பர் சீல் சரியாக உட்காராத கப்ளர் தாக்குப்பிடிக்காது.

ட்ரிம் மைனஸ்ஸில் 10ஐத் தாண்டினால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விட்டபடி மூடாமல் நிற்கும் பர்ஜ் வால்வு, அளவு பொருந்தாத இன்ஜெக்டர்.

வெப்பத்தைப் பாருங்கள், ப்ளீஸ்

அதே ஸ்கேனரில் கூலன்ட் வெப்பம் என்று ஒன்று வரும். வட சென்னை வண்டிகளில் இதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. ரேடியேட்டரில் கை வைக்க நேர்ந்தால் சில மெக்கானிக்குகள், இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு இது இன்னாத்துக்குணா?" என்பார்கள். ஃபேனையும் ரிலே இல்லாமல் இக்னிஷனோடு நேராக இணைத்து, எப்போதும் ஓடும்படி விட்டுவிடுவார்கள். ஓனருக்கும் சந்தோஷம், மீட்டர் முள் ஏறவே ஏறாது.

பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்கள் 85 முதல் 95 டிகிரிக்குள் ஓடும்படி செய்யப்பட்டவை. அதற்குக் கீழே நின்றால் இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்து ஈசியூ கூடுதல் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆயிலும் கெட்டியாக இருக்கும். டிராஃபிக்கில் நிற்கும்போது 85 காட்டி, ஜிஎன்டி ரோட்டில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது 65 டிகிரிக்கு இறங்கினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது. பி0128 கோட் வந்தாலும் அதுதான் அர்த்தம். கம்பெனி பார்ட் ஒன்றை வாங்கிப் போடுங்கள், ஃபேன் வயரைப் பழையபடி ரிலேவுக்குக் கொண்டுவாருங்கள். சூடு ஏறுகிறது என்று கழற்றியிருந்தார்கள் என்றால், ஏன் ஏறியது என்பதை அப்போதே பார்த்திருக்க வேண்டும்: அடைத்த ரேடியேட்டர், வேலை செய்யாத ஃபேன், அல்லது முன் கிரில்லை மறைத்து மாட்டிய ஃபாக் லேம்ப்பும் மெஷ்ஷும். அந்த மறைப்பு ஏசியின் கண்டென்சரையும் மூச்சு முட்ட வைக்கும், ஏசி கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும்.

ட்ரிம்மும் வெப்பமும் சரி, மைலேஜ் மட்டும் இல்லை என்றால்

சமதரையில் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, தள்ளிப் பாருங்கள். சின்னக் கார் என்றால் ஒரு ஆள் தள்ளி நகர வேண்டும். முக்கி முனகினால் எங்கோ பிடிக்கிறது. பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான் பிடிக்கிறது. அழகுக்காக காலிபருக்குச் சிவப்பு பெயின்ட் அடித்த வண்டிகளில் இது சகஜம். கழற்றாமலே ஸ்ப்ரே அடிப்பார்கள், பெயின்ட் ஸ்லைடு பின்னிலும் பேட் ஓரத்திலும் இறங்கி உலர்ந்து, பிரேக்கை விட்ட பிறகும் பேட் பின்வாங்காது. பின்னை எடுத்துத் துடைத்து, காலிபருக்கான கிரீஸ் போட்டால் முடிந்தது.

வண்டியைத் தாழ்த்தியிருந்தாலோ சக்கரம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் வேறு ஆஃப்செட் அலாய் போட்டிருந்தாலோ அலைன்மென்ட் ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்துக் கேட்டு வாங்குங்கள், வாயால் "ஓகே சார்" போதாது. டோ (சக்கரங்கள் முன்னோக்கிப் பார்க்கும் கோணம்) விலகியிருந்தால் டயரின் ஓரம் ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் தடவினால் ரம்பம் போலவும் இருக்கும். காற்றழுத்தம் டிரைவர் கதவு ஸ்டிக்கரில் உள்ளது ஸ்டாண்டர்டு சைஸுக்கு. மாற்று சைஸில் அதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கனமான அலாயும் அகலமான டயரும் போட்டால், நின்று நின்று போகும் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் வரை போகத்தான் செய்யும், அது ரிப்பேர் ஆகாது.

ரீமேப் போட்ட வண்டியில் கிளட்ச். நாலாம் கியரில் 50இல் போகும்போது முழுதாக மிதியுங்கள், ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் கூடவே ஏறாமல் பின்தங்கினால் ஸ்லிப் ஆகிறது. 5டபிள்யூ-30 போட வேண்டிய இன்ஜினுக்கு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றியிருக்கிறார்களா என்று பில்லையும் பாருங்கள். கூரைக் கேரியர் ஹைவேயில் தின்னும், ஊருக்குள் அவ்வளவு இல்லை. ஆம்ப்ளிஃபயர், ஹார்ன், லைட் எல்லாம் சேர்ந்தாலும் இவ்வளவு பெரிய வீழ்ச்சி வராது, அந்தப் பக்கம் நேரம் செலவழிக்காதீர்கள்.

சிஎன்ஜி, டீசல், ரீமேப்

வெளியில் சிஎன்ஜி கிட் போட்டவர்கள் இரண்டு எரிபொருளையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். வண்டி பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசர் சூடான பிறகுதான் கேஸுக்கு மாறும். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் அந்தச் சூடு வர நேரமாகும், வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் முழுக்கப் பெட்ரோலிலேயே ஓடிவிட்டு "கேஸ் போட்டும் பெட்ரோல் குறையுது" என்று புலம்புவார்கள். பழைய வகை மிக்சர் கிட் என்றால், காற்றுப் பாதையில் செருகிய அந்த வளையம் பெட்ரோலில் ஓடும்போதும் மூச்சை அடைக்கும். கேஸுக்குத் தனி இன்ஜெக்டர் உள்ள சீக்வென்ஷியல் கிட்டில் கேஸ் ட்யூனிங் தப்பாக இருந்தால், கேஸில் ஓடும்போது ஈசியூ கற்றுக்கொண்ட தப்பான ட்ரிம் பெட்ரோலுக்கு மாறும்போதும் கூடவே வரும். கேஸிலும் பெட்ரோலிலும் ட்ரிம்மைத் தனித்தனியாகக் குறித்து, அந்தச் சீட்டோடு கிட் போட்ட இடத்துக்கே போங்கள். சிலிண்டர் எடையே ஐம்பது, அறுபது கிலோ என்பதும் நினைவிருக்கட்டும்.

டீசலில் டர்போ ஓஸ்தான் முதல் சந்தேகம். இன்டர்கூலர் ஜாயின்டில் எண்ணெய்ப் பிசுக்கும் விசில் சத்தமும் இருந்தால் பூஸ்ட் லீக். பிஎஸ்6 டீசலை ராயபுரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் அடிக்கடி ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியை எரிப்பது) செய்ய முயலும், ஒவ்வொன்றுக்கும் கூடுதல் டீசல் போகும்.

ரீமேப்பைச் சந்தேகித்தால் வாதம் செய்ய வேண்டாம். ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றச் சொல்லி, அதே காரனோடை பாதையில் ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் மேப் தப்பித்தது, உங்கள் வலது கால் மாட்டிக்கொண்டது!

சரிசெய்யும்போது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எதனால் என்று தெரியாது, ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து. செலவில்லாததை முன்னால் வையுங்கள்: காற்றழுத்தம், ஓஸ், கப்ளர், தள்ளிப் பார்ப்பது. பிறகு கேஸ்கெட், தெர்மோஸ்டாட், அலைன்மென்ட். சென்சார் வாங்குவது கடைசி. பேட்டரி வயரைக் கழற்றினால் பல வண்டிகளில் ஈசியூ கற்றுவைத்த ட்ரிம் அழிந்துவிடும். அதனால் அளவு எடுப்பதற்கு முன் கழற்றாதீர்கள், கோளாறைச் சரிசெய்த பின் ஸ்கேனரிலேயே ரீசெட் செய்து இரண்டு மூன்று நாள் சாதாரணமாக ஓட்டிவிட்டு அளங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் "மைலேஜ் இல்ல, பாருங்க" என்று சாவியைக் கொடுத்தால் பொதுவான சர்வீஸ் செய்து பில் போட்டுக் கொடுப்பார்கள். "ஐடிலில் ட்ரிம் பிளஸ் 18, 2500இல் பிளஸ் 4, சைலன்சர் மாற்றிய பிறகு வருகிறது" என்று எழுதிக் கொடுங்கள், வேலை வேறு மாதிரி நடக்கும்.

சட்டத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சிஎன்ஜி கிட் அங்கீகாரம் பெற்றதாக இருந்து ஆர்சியில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் கிளெய்மில் சிக்கல். கழற்றிய ஸ்டாண்டர்டு சைலன்சர், ஏர் பாக்ஸ், ஒரிஜினல் வீல் எதையும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். திரும்ப மாட்டிப் பார்ப்பதற்கும் அவைதான் வேண்டும், வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பதும் அவற்றைத்தான்.